காவல்துறை ஆப்பை மக்கள் ஏன் திறப்பதில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: காவல்துறைக்காக உங்கள் குழு ஒரு செயலி செய்தது. அதற்கு முன் எடுத்த கருத்தாய்வில் பெரும்பாலானோர் "கண்டிப்பாகப் பயன்படுத்துவோம்" என்றார்கள். வெளியிட்ட பிறகு பதிவிறக்கக் கணக்கு சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறது, ஆனால் புகாரோ தகவலோ அந்த வழியாக வருவதில்லை. இன்னும் எளிமையாக்கவா, விளம்பரத்தைக் கூட்டவா, கட்டாயமாக்கவா என்று மூன்று வழிகளைச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று என்று எனக்குப் படுகிறது: மக்கள் தள்ளிவைப்பது செயலியையா, செயலியின் மறுமுனையில் இருப்பவரையா? பொதுச் சேவைச் செயலிகளை மக்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பது என் தொழில். காவல்துறைச் செயலிகளும் அதில் உண்டு. நான் காவலரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அதனால் சட்டத்தைத் தொட வேண்டிய இடங்களில் நடந்தது என்ன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் அந்தக் கருத்தாய்வு. "பயன்படுத்துவீர்களா?" என்று ஒருவர் கேட்டால் "ஆமாம்" என்பது மரியாதைக்கான பதில். கேட்பவர் காவல்துறையின் சார்பில் வந்திருக்கிறார் என்றால் மரியாதை இன்னும் கூடும். மரியாதையை விட்டுவிட்டாலும், செய்ய நினைப்பதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளி உளவியலில் நன்றாக அளக்கப்பட்ட ஒன்று. உளவியலாளர் பாஸ்கல் ஷீரன் 2002-ல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். மனிதர்களின் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 28 சதவீதத்தைத்தான் அவர்களுடைய எண்ணம் விளக்கியது. தாமஸ் வெப்புடன் சேர்ந்து அவர் 2006-ல் செய்த தொகுப்பு, எண்ணத்தைக் கணிசமாக மாற்றினால்கூட நடத்தை அந்த அளவுக்கு மாறுவதில்லை என்று காட்டியது. ஆகவே உங்கள் கருத்தாய்வு பொய் சொல்லவில்லை, நீங்கள் அதனிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டீர்கள். "கடைசியாக எப்போது காவல்துறையை அணுகினீர்கள், எப்படி அணுகினீர்கள், அடுத்து என்ன நடந்தது?" என்று கேட்டிருந்தால் இன்றைய நிலைமை அன்றே ஓரளவு தெரிந்திருக்கும்.

கருத்தாய்வின் கேள்விகள் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஃபிரெட் டேவிஸ் 1989-ல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியில் மையக் கேள்விகள் இரண்டுதான்: இது எனக்கு உபயோகப்படுமா? பயன்படுத்தச் சுலபமா? 2003-ல் விஸ்வநாத் வெங்கடேஷும் மற்ற மூவரும் அதை விரித்து, சுற்றியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், தடுமாறினால் கைகொடுக்க ஏற்பாடு இருக்கிறதா என்பவற்றையும் சேர்த்தார்கள். காவல்துறைச் செயலி பற்றிய ஆய்வுகள் பலவும் இந்தச் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. இதில் எல்லாரும் தாண்டிப் போகும் ஒரு விஷயம் உண்டு. சுலபத்தைவிட உபயோகமே பயன்பாட்டோடு வலுவாக ஒட்டியிருக்கிறது என்று டேவிஸ் அதே கட்டுரையிலேயே எழுதிவிட்டார். ஆனால் சுலபத்தைத்தான் வடிவமைப்பாளர் கையால் தொட முடியும் என்பதால், கூட்டங்களில் பேச்செல்லாம் பொத்தானின் நிறத்திலும் திரைகளின் எண்ணிக்கையிலும் போய் நிற்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த மாதிரிகள் அலுவலக மென்பொருளைச் சுற்றிப் பிறந்தவை. ஊழியர் ஒருவர் மின்னஞ்சலைத் தினமும் திறக்கிறார். ஒரு வாரத்தில் அதன் உபயோகம் அவருக்குத் தெரிந்துவிடும். காவல்துறையோடு சாதாரண மனிதருக்கு வேலை வருவது பல வருடங்களுக்கு ஒருமுறை. வீட்டில் மாட்டியிருக்கும் தீயணைப்பானை யாரும் வாரம் ஒருமுறை எடுத்து இயக்கிப் பார்ப்பதில்லை, அதற்காக வேண்டாம் என்று கழற்றி எறிவதுமில்லை. ஆக, திறக்கவில்லை என்பதே நிராகரிப்பு ஆகாது. தேவை வந்த நாளில் திறந்தாரா, பாதியில் விட்டாரா, போனை எடுத்து நேரே எண்ணை அழுத்தினாரா என்பதில்தான் ஏற்பு தெரியும். அந்த நாள் வரும்போது அவருக்குச் செயலியில் அனுபவம் எதுவும் இருக்காது. காவல் நிலையத்தோடு அவருக்கோ அவர் வீட்டாருக்கோ என்றோ நேர்ந்த அனுபவம் மட்டும் இருக்கும். உபயோகப்படுமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

ஒரு சோதனை அமர்வைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. சந்தேகப்படும்படியான நடமாட்டம் பற்றிக் காவல்துறைக்குத் தகவல் தருவதாக நினைத்துக்கொண்டு செயலியைப் பயன்படுத்தச் சொன்னோம். முதல் திரையில் கைபேசி எண், போட்டார். ஓடிபி வந்தது, போட்டார். பெயர், போட்டார். அடுத்து முகவரி. அங்கே விரல் நின்றது. பெயரையும் அழித்துவிட்டு, போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். "தகவல் சொல்றது நான். என் வீட்டு விலாசம் எதுக்கு?" என்றார். பக்கத்தில் இருந்த எங்கள் வடிவமைப்பாளர், "பயப்படாதீங்கம்மா, எல்லாம் என்கிரிப்ட் ஆகிடும், யாரும் பார்க்க முடியாது" என்று சமாதானம் சொன்னார். அந்த அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "வெளியில இருக்கிறவங்க பார்க்க முடியாது, சரி. உள்ள இருக்கிறவங்க?"

தனியுரிமை என்று நாம் பொதுவாகப் பேசுவதற்கும் காவல்துறைச் செயலியில் மக்கள் அஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. வங்கிச் செயலியில் பயம் திருடனைப் பற்றியது. வங்கியே காப்பாற்றும் பக்கம் நிற்கிறது. இங்கே தகவலைப் பெறுபவரிடமே அதிகாரம் இருக்கிறது. நான் சொன்னதாகப் பெயர் கசியுமா, நாளை சாட்சி என்று இழுப்பார்களா, இன்னொரு விஷயத்தில் என் மீதே இது திரும்புமா என்பவைதான் ஓடும் எண்ணங்கள். பூட்டுப் படமும் "உங்கள் தரவு பாதுகாப்பானது" என்ற வரியும் இதற்குப் பதில் சொல்வதே இல்லை. அனுப்பிய தகவல் எந்தப் பொறுப்பில் இருப்பவர் கைக்குப் போகும், எத்தனை நாள் இருக்கும், பெயர் சொல்லாமல் அனுப்பலாமா, அனுப்பியதைத் திரும்பப் பெறலாமா என்று திரையிலேயே எழுதிய பதிப்புகளில் மக்கள் நின்று படித்ததைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி விதிமுறைகளைப் படிக்காமல் "சம்மதம்" அழுத்துபவர்கள்தான் அவர்களும்.

காவல் சேவை என்று ஒரே பெயரில் கட்டிவைத்தாலும் உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. தொலைந்த ஆவணத்துக்குச் சான்று வாங்குவது வெறும் காகித வேலை. அலைச்சல் மிச்சம் என்றால் மக்கள் உடனே ஏற்பார்கள், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். காணாமல் போனவரைத் தேட உதவுவது இன்னொரு வகை. நெதர்லாந்தில் பர்கர்நெட் என்ற ஏற்பாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். தங்கள் பகுதியில் குழந்தை காணாமல் போனால் அவர்களுக்குச் செய்தி வரும், பார்த்தால் தெரிவிப்பார்கள். அங்கே பேச்சைத் தொடங்குவது காவல்துறை. உறுப்பினர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம், செய்யும் உதவி கண்ணுக்குத் தெரிவது. அடுத்தவரைப் பற்றிப் புகார் சொல்வது, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைச் சொல்வது, காவலர் ஒருவர் மீதே புகார் தருவது என்று போகப்போக ஒவ்வொன்றிலும் பயத்தின் அளவு மாறுகிறது. இவை எல்லாவற்றையும் ஒரே முகப்புத் திரையில் எட்டுப் பத்துச் சின்னங்களாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே பதிவுப் படிவத்தைக் கதவாக வைத்தால், மிகக் கடுமையான சேவைக்குத் தேவைப்படும் அடையாளச் சோதனை மிக எளிய சேவையையும் மூடிவிடும். உங்கள் செயலியில் நடந்திருப்பது இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். திரைகளைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்லக் கூடாது.

மக்கள் விரும்பி எடுத்துக்கொண்ட செயலிக்கு எனக்குப் பிடித்த உதாரணம் டோக்கியோ பெருநகரக் காவல்துறையின் டிஜி போலீஸ். கூட்ட நெரிசலான ரயிலில் யாராவது தவறாகத் தொட்டால், ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். "இங்கே ஒருவர் தொல்லை கொடுக்கிறார், உதவுங்கள்" என்ற வாசகம் திரை முழுக்கத் தோன்றும், பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறக்காமல் காட்டலாம். இன்னொரு தட்டுத் தட்டினால் "நிறுத்துங்கள்" என்று உரக்கக் குரல் கொடுக்கும். 2019 மே மாதத்தில் 2,37,000-க்கும் மேற்பட்ட பதிவிறக்கங்கள் என்று செய்தி வந்தது. கவனித்துப் பாருங்கள்: அந்த நிமிடத்தில் இந்த வசதி காவல்துறைக்கு எதையும் அனுப்புவதில்லை. பதிவு, படிவம், பதிலுக்குக் காத்திருப்பு எதுவும் கிடையாது. பேச்சு வராமல் தொண்டை அடைத்துப் போகிற ஒரு கணத்துக்கு அது குரல் தருகிறது, பலன் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

அவசர உதவியைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். உயிர் போகிற நேரத்தில் செயலியைத் தேடித் திறக்கச் சொல்வதே பெரும்பாலானவர்களுக்குத் தவறான வடிவமைப்பு. கை நடுங்கும்போது மனசுக்கு வருவது மூன்று இலக்க எண்தான். செயலிக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படும் வாதம், அது இருப்பிடத்தைத் தானே அனுப்பும் என்பது. அந்தத் தேவையைக் கைபேசியே தீர்க்கத் தொடங்கிவிட்டது. அவசர எண்ணை அழைத்தவுடன் கைபேசி தன் இருப்பிடத்தைத் தானாகவே கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் ஏஎம்எல் என்ற முறை 2014-ல் பிரிட்டனில் தொடங்கியது. ஆண்ட்ராய்டில் 2016-லும் ஐபோனில் 2018-லும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் ஸ்மார்ட்போன்களுக்கு 2022 மார்ச் முதல் அது கட்டாயம். எதையும் நிறுவ வேண்டியதில்லை, நினைவு வைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. நாட்டின் வலையமைப்பும் கட்டுப்பாட்டு அறையும் அதை ஏற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் செயலியின் முக்கிய அம்சம் ஒரே தட்டில் அவசர உதவி கேட்கும் அபாயப் பொத்தான் என்றால், அதற்குச் செலவிடும் உழைப்பை இந்தப் பக்கம் திருப்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

இதற்கு விலக்கு உண்டு, அது முக்கியமான விலக்கு. காது கேளாதவர்களுக்கும் பேச இயலாதவர்களுக்கும் குரல் அழைப்பு என்பதே மூடிய கதவு. பிரிட்டனில் 2022 ஜூனில் தொடங்கிய 999 பிஎஸ்எல் சேவையில் (999 அங்கே அவசர எண், பிஎஸ்எல் பிரிட்டிஷ் சைகை மொழி), செயலி வழியாகவோ வலைத்தளம் வழியாகவோ சைகை மொழிபெயர்ப்பாளரை வீடியோவில் பிடித்து அவசர உதவி கேட்கலாம். பக்கத்து அறையில் தாக்குபவர் இருக்கும்போது சத்தமில்லாமல் உதவி கேட்க வேண்டியவருக்கும் எழுத்து வழி அவசியம். இவர்கள் எண்ணிக்கையில் சிறிய கூட்டமாக இருக்கலாம். மொத்தப் பதிவிறக்கக் கணக்கில் தெரியவும் மாட்டார்கள். ஆனால் அவர்களைப் பொறுத்தவரை இது வசதியல்ல, ஒரே வழி.

இனி நம்பிக்கை. இந்தச் சொல் எல்லா அறிக்கைகளிலும் வரும், ஏதோ உப்பைப்போலக் கூடக்குறையத் தூவக்கூடிய பொருள் என்ற தொனியில். காவல்துறை மீதான நம்பிக்கை எப்படி உருவாகிறது என்பதில் ஆய்வு வலுவாகவே இருக்கிறது. டாம் டைலர் 1990-ல் சிகாகோவாசிகளை வைத்து வெளியிட்ட ஆய்வு முதல் தொடர்ந்து தெரியவருவது இது: தனக்குச் சாதகமாக முடிந்ததா என்பதைவிட, தான் சொன்னதைக் கேட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா, காரணம் சொன்னார்களா என்பதே மக்களுக்குப் பெரிது. வெஸ்லி ஸ்கோகன் 2006-ல் காட்டியது இன்னும் கசப்பானது. காவல்துறையுடன் ஒரு மோசமான அனுபவம் ஏற்படுத்தும் பாதிப்பு, நல்ல அனுபவம் தரும் பலனைவிட 4 முதல் 14 மடங்குவரை பெரிதாக இருந்தது. செயலியைப் பொறுத்தவரை இதன் பொருள்: பதிலே வராத ஒரு புகார், சரியாகக் கையாண்ட பல புகார்களின் பலனை அழித்துவிடக்கூடும். அந்த ஆய்வுகள் நேர்முகச் சந்திப்புகளையும் அழைப்புகளையும் பற்றியவை, செயலியைப் பற்றியவை அல்ல. இங்கே பொருத்துவது என் வாசிப்பு. ஆனாலும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரியை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர் எந்த முடிவுக்கு வருவார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பயன்பாட்டுப் பதிவுகளில் அது தெளிவாகத் தெரியும்: புகார் கொடுத்த அன்று பலமுறை திறப்பார், மறுநாளும் திறப்பார், பிறகு இடைவெளி நீளும், ஒருநாள் செயலியே போனில் இருக்காது. அங்காடியில் உங்கள் செயலிக்கு வந்திருக்கும் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். கணிசமானவை செயலியைப் பற்றியே இருக்காது. நிலையத்தில் கிடைத்த பதிலைப் பற்றி இருக்கும்.

சொன்ன நோக்கத்தைத் தாண்டித் தரவு போனால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல பாடம். கோவிட் தொற்றியவர் யார் யாருக்கு அருகில் இருந்தார் என்று கண்டறிய உதவும் தொடர்பறியும் செயலியான ட்ரேஸ்டுகெதர் 2020 மார்ச்சில் வந்தபோது, தரவு தொற்றுத் தடமறியவே பயன்படும் என்று சொல்லப்பட்டது. 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறையும் அந்தத் தரவைக் கேட்டுப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஒரு கொலை வழக்கு விசாரணையில் கேட்கவும் பட்டிருந்தது. முன்பு வாக்குறுதி தந்தபோது அந்தச் சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். அதிருப்தி எழுந்தது. பிப்ரவரி தொடக்கத்திலேயே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்துச் சட்டம் நிறைவேற்றினார்கள். ஜெர்மனியில் மைன்ஸ் நகரில் 2021 இறுதியில் நடந்தது அதன் தம்பி. உணவகம் ஒன்றிலிருந்து வெளியே வந்தவர் விழுந்து இறந்தார். சாட்சிகளைத் தேடிய காவல்துறை, லூகா என்ற தொடர்பறியும் செயலியில் பதிவாகியிருந்த வாடிக்கையாளர் விவரங்களைச் சுகாதாரத் துறை வழியாகப் பெற்றது. அதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று பின்னர் அரசு வழக்கறிஞர் தரப்பே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. செயலியை நீக்கிவிடுங்கள் என்று அரசியல்வாதிகள் சிலரே வெளிப்படையாகச் சொன்னார்கள். அடுத்த சில மாதங்களில் பல மாநிலங்கள் லூகாவுடனான ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. தொற்று நிலவரம் மாறியதும் அதற்குக் காரணம், எல்லாவற்றையும் மைன்ஸ் சம்பவத்தின் தலையில் கட்டக் கூடாது.

இரண்டுமே காவல்துறைச் செயலிகள் அல்ல என்று நீங்கள் சொல்லலாம். அதனால்தான் அவற்றைச் சொன்னேன். காவல்துறை பெயரே இல்லாத செயலியில், காவல்துறை எட்டிப் பார்த்தது என்ற செய்திக்கே இவ்வளவு சலசலப்பு. உங்கள் செயலி அந்தப் பெயரோடேயே வருகிறது. லொகேஷன், தொடர்புப் பட்டியல், கேமரா, ஒலிவாங்கி என்று நிறுவிய உடனே நான்கு அனுமதி கேட்டால், எந்தச் சேவைக்கு எது என்று யோசிக்க யாரும் நிற்க மாட்டார்கள். தொலைந்த சான்றிதழுக்குப் புகார் தரவந்தவரிடம் ஒலிவாங்கியை ஏன் கேட்க வேண்டும்? அந்தந்த வேலை வரும்போது மட்டும் கேட்பது தொழில்நுட்பத்தில் கடினமே இல்லை.

மக்களின் ஏற்பைப் பற்றியே பேசுகிறோம். உள்ளே இருக்கும் காவலர்களின் ஏற்பைப் பற்றி ஏனோ யாரும் கேட்பதில்லை. ஒரு கட்டுப்பாட்டு அறையில் பார்த்தது: அழைப்புகளை எடுப்பவர்களின் முன்னால் வழக்கமான திரைகள், தலையில் ஹெட்செட். செயலியின் அபாயப் பொத்தான் வழியாக வரும் குறிப்புகளுக்கு மட்டும் மூலையில் தனி கணினி. அதன் ஸ்பீக்கர் அணைக்கப்பட்டிருந்தது. பையில் கிடந்த போன் தானாக அழுத்தியது, குழந்தை விளையாடியது, வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்தது என்று வந்தவை அதிகம். ஒவ்வொரு முறையும் அது அலறியதில் நிஜ அழைப்பில் இருந்தவர்களுக்குக் காது கேட்கவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. போலி அழைப்பின் சுமை கற்பனையல்ல: 2023-ல் ஆண்ட்ராய்டில் பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி பரவியபோது, தவறி வரும் அழைப்புகள் குவிகின்றன என்று பிரிட்டன் காவல்துறையினர் பகிரங்கமாக எச்சரித்தார்கள். செயலியில் வந்த புகாரை நிலையத்தில் இருப்பவர் மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், அவர் செய்யப்போவது புகார்தாரரைக் கூப்பிட்டு "நேரில் வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்பதுதான். அந்த ஒரு வாக்கியம் வந்துவிட்டால் செயலி அன்றோடு முடிந்தது.

இன்னொரு பயத்தையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்தாரைக் கண்காணிக்கும் கருவியாகச் செயலி மாறுமோ என்பது அது. அமெரிக்காவில் விஜிலன்ட்டி என்ற பெயரில் 2016-ல் வந்த தனியார் செயலியை ஆப்பிள் தன் அங்காடியிலிருந்து எடுத்தது; அது 2017-ல் சிட்டிசன் என்ற பெயரில் திரும்பி வந்தது. 2021 மே மாதம், காட்டுத்தீ ஒன்றைக் கொளுத்தியவர் என்று ஒருவரின் படத்தைப் போட்டு 30,000 டாலர் பரிசு அறிவித்தது. அவர் சம்பந்தமே இல்லாதவர். காவல்துறைக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் "பார்த்ததைப் பதிவிடுங்கள்" என்ற அழைப்பைக் காணும்போது மக்களின் மனசில் இப்படிப்பட்ட கதைகள் வந்து போகும். தகவல் தரும் வசதியில் படம் போடச் சொல்கிறீர்கள் என்றால், அது பொதுவெளியில் வராது என்பதை அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

உங்கள் மூன்று வழிகளுக்கு வருகிறேன். எளிமையாக்குவது நல்லதுதான், மேலே சொன்னபடி பதிவுப் படிவத்தை உடைத்தால் பலன் தெரியும். அதைத் தாண்டித் திரைகளை மெருகேற்றுவதில் பெரிய மாற்றம் வராது. விளம்பரம் பதிவிறக்கத்தைக் கூட்டும், பயன்பாட்டைக் கூட்டும் என்று சொல்ல முடியாது. சில நேரம் ஆட்கள் சேர்வார்கள் என்றுகூட நம்ப முடியாது: டெல்லி காவல்துறை பெண்கள் பாதுகாப்புக்காக 2015-ல் தொடங்கிய ஹிம்மத் செயலியைப் பற்றி எவ்வளவோ பேசப்பட்டது, 2018-ல் நாடாளுமன்ற நிலைக்குழு பார்த்தபோது பதிவு செய்திருந்தவர்கள் 30 ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தார்கள், கோடிக்கு மேல் மக்கள் வாழும் இடத்தில். கட்டாயமாக்குவதைப் பற்றி ட்ரேஸ்டுகெதரே போதும். 2021 தொடக்கத்தில் சிங்கப்பூர்வாசிகளில் சுமார் 78 சதவீதம் பேர் அதில் இருந்தார்கள். பொது இடங்களுக்குள் நுழைய அது தேவைப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். கட்டாயத்தால் கிடைப்பது இணக்கம். புகார் தருவதையும் தகவல் சொல்வதையும் யாரும் கட்டாயப்படுத்திச் செய்ய வைக்க முடியாது. வெறுமையான, அணைத்துவைத்த செயலிகள்தான் பெருகும்.

இதுவரை சொன்னவற்றில் எது கெட்டி, எது இளக்கம் என்பதையும் பிரித்துவிடுகிறேன். எண்ணத்துக்கும் செயலுக்கும் இடைவெளி உண்டு என்பதும், நடத்தப்படும் விதமே காவல்துறை மீதான மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பதும் பலமுறை சோதிக்கப்பட்டவை. செயலி வந்ததால் காவல்துறை மீது நம்பிக்கை கூடியது என்ற கூற்று அப்படியல்ல. நம்பிக்கை உள்ளவர்கள் செயலியைப் பயன்படுத்துகிறார்களா, பயன்படுத்தியவர்களுக்கு நம்பிக்கை வருகிறதா என்பதை ஒரே நேரத்தில் எடுத்த கருத்தாய்வு பிரித்துக் காட்டாது. இத்துறையில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட ஆய்வுகள்தான். அபாயப் பொத்தான் குற்றத்தைக் குறைக்கிறது என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். வயதானவர்கள் வர மாட்டார்கள் என்ற வழக்கமான முடிவையும் நான் அப்படியே ஏற்பதில்லை. நான் பார்த்த வயதானவர்கள் திரையைவிட ஓடிபியிலும் எழுத்துருவிலும்தான் தடுமாறினார்கள். ஆனால் சோதனைக்கு வர ஒப்புக்கொண்டவர்களைத்தான் நான் பார்த்தேன். வராதவர்களைப் பற்றி என் அனுபவம் எதுவும் சொல்லாது.

நடைமுறையில் நான் செய்வது இது. காகித வேலையான ஒரே ஒரு சேவையை எடுத்துக்கொள்வேன், தொலைந்த ஆவணம்போல. விருப்பமுள்ள அதிகாரி இருக்கும் இரண்டு மூன்று நிலையங்களில் மட்டும் அதை முழுமையாக ஓடவிடுவேன்: பதிவில்லாமல் தொடங்கலாம், கைபேசி எண் கடைசியில், புகார் எண் உடனே, குறிப்பிட்ட நாளுக்குள் பெயர் சொல்லி ஒரு மனிதரின் பதில். பதிவிறக்கத்தையும் நட்சத்திரத்தையும் வாராந்திர அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, அனுப்பியதிலிருந்து முதல் மனிதப் பதில் வரும்வரை ஆகும் நேரம், எந்தத் திரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள், ஒருமுறை முடித்தவர் அடுத்த தேவைக்கு மறுபடி வந்தாரா என்பவற்றை வைப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக, செயலியில் புகார் கொடுத்தவர்களில் எத்தனை பேரை மறுபடி நேரில் வரச் சொன்னார்கள் என்று நிலையம் வாரியாக எண்ணுவேன். அதை எந்த மென்பொருளும் தானாகத் தராது. புகார்தாரரைப் போனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அந்த எண் இறங்கும்வரை விளம்பரச் செலவுக்கு ஒப்புதல் தராதீர்கள்.